பூர்வீகக் கடற்கரைக்காரர்

பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் ஒரு ரகப் பிரமுகர் உண்டு. சமுத்திரம் தம் ஊரைக் காலி செய்து போய் ஆறு கோடி வருஷத்துக்கும் மேலாகிவிட்டது என்பதை நன்கு அறிந்திருந்தும், ஜமீன் ஒழிந்த பிறகும் பழைய நிலத்தின் எல்லைகளைக் கைத்தடியால் சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கும் மிராசுதாரைப் போல, அக்கடலின் மீது தமக்குள்ள பாத்தியதையை இன்றளவும் விட்டுக் கொடுக்காதவர் அவர். அவர் வீட்டு மேஜையில் காகிதங்கள் பறந்துவிடாமல் காத்து நிற்பது, சுருள் சுருளாக வரியோடிய அம்மோனைட் என்னும் கல்லாய்ப் போன கடற்பிராணி. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்தில் கிடக்கும் கல்மரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் கண்டறிந்த வரலாற்றை, சொந்த அம்மானின் பிரதாபத்தைச் சொல்லும் தோரணையில்தான் அவர் சொல்லுவார். (கடலில்லாத ஊர்க்காரர்களுக்குக் கடலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அவகாசம் அதிகம்.)

இப்பேர்ப்பட்டவர் குடும்ப சமேதராய் மன்னார் வளைகுடாவுக்கு விஜயம் செய்து, குந்துகாலில் படகேறிக் குருசடைத் தீவுக்குப் போகும்போது, மற்ற யாத்திரிகர்கள் நீரின் நிறத்தைக் கண்டு வாய் பிளந்திருக்க, இவர் மட்டும் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல் குறை தேடிக்கொண்டிருப்பார். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருபத்தொரு தீவுகள் இருந்தன என்றும், 1986-இல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின என்றும், பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததில் இரண்டு தீவுகள் மூழ்கிப் போயின என்றும் வனக்காவலர் வருத்தத்தோடு சொன்னால், "ரெண்டு தீவுதானே தம்பி? எங்க பக்கம் கடலே காணாமப் போச்சு" என்று ஆறுதல் கூறுவார்.

"ஐயா, கையைத் தண்ணிக்குள்ள விடாதீங்க. பவளத்துக்குப் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு, 2001-லேர்ந்து."

"அப்படியா! கல்லங்குறிச்சிப் பக்கம் வந்து பாருங்க தம்பி. பாறை பூராவும் சிப்பி. அதை லாரி லாரியா ஏத்திச் சிமெண்ட் ஆக்குறோம். நீங்க குடியிருக்கிற வீடே எங்க ஊர்க் கடலா இருக்கும்."

காவலர் பதில் சொல்லவில்லை. அந்தப் பெருமையில் பாதி துக்கம் என்பது சொன்னவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

குருசடையின் மணலுக்குள் பாலனோகிளாசஸ் என்றொரு புழு வாழ்கிறது. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் அஃதில்லாதவற்றுக்கும் நடுவே நிற்பதாகக் கருதப்படும் அதனை, 'வாழும் புதைபடிவம்' என்று வர்ணித்தார் காவலர். பிரமுகரின் முகம் சிவந்துவிட்டது. தம் பரம்பரை விருதை யாரோ கடன் வாங்கிச் சூட்டிக்கொண்டதாகவே அவருக்குப் பட்டது.

"உயிரோட நெளிஞ்சுகிட்டே புதைபடிவமா? முதல்ல அது சாகட்டும் தம்பி. ஆறு கோடி வருஷம் கல்லாக் கிடக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"ஏங்க, அது கல்லானப்புறம் இன்னொரு தடவை வந்து பார்த்துக்கலாம்" என்றார், முழங்கால் நீரில் புடவையைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்த அவருடைய மனைவி. "இப்ப பாம்பன்ல கருவாடு வாங்கணும், கிளம்புங்க."