மறைதாள் ஆராய்ச்சி

அலுவலகத்தார் தமக்கு நிர்வாகம் ஈந்த கணிப்பொறியையும் மின்னஞ்சலையும் இணையத்தையும் அலுவல் ஒழிந்த பிற காரியங்களுக்கு வழங்கும் வழக்காறு, சம்பளப் பட்டுவாடாவைப் போலவே மாதந்தோறும் தவறாது நடைபெற்றுவரினும், அதனை வகைப்படுத்தி, வகையை மீண்டும் வகைப்படுத்தி, படிப்பவர் எழுந்துபோகும் வரையில் விளக்கிய நூலொன்று நம்மிடையே இல்லாமை பெருங்குறையேயாகும். அக்குறையை நிறைக்கப் புகுந்த யாம், ‘கணிப்பொறி’ என்பதா ‘கணினி’ என்பதா என்னும் பூர்வாங்கச் சர்ச்சையில் முதற் பதினொரு மாதங்களைக் கழித்து, இரண்டும் ஆம் எனத் துணிந்து, மேற்செல்கின்றோம்.

இவ்வழக்காறு ஐவகைப்படும்.

முதலாவது பிரயாணம். தட்கல் பயணச்சீட்டு, குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறத்தலின், அவ்விரு வேளைகளிலும் அலுவலகத்தில் நிலவும் ஆழ்ந்த மௌனத்தை ஊழியரின் சிரத்தைக்கு அடையாளமாக மேலாளர் கொள்வது பிராந்தி.

இரண்டாவது வாணிபம். பங்குச்சந்தை 9.15-க்குத் திறந்து 3.30-க்கு மூடுவதை நோக்குமிடத்து, அலுவலக நேரம் அதனை உள்ளடக்கவே வகுக்கப்பட்டதென்பார் ஒருசாரார்.

மூன்றாவது அச்சு. பிள்ளைகளின் பள்ளிப் புராஜெக்ட். வேறு விளக்கம் வேண்டா.

நான்காவது கடிதம். மின்னஞ்சலிலுள்ள ‘சிசி’ என்னும் குறி தட்டச்சுக் காலத்துக் கார்பன் படியின் சுருக்கமாதலின், விரலைக் கறுப்பாக்கிய தாள் மறைந்தும், சண்டைக்குச் சாட்சி சேர்க்கும் மனித சுபாவம் மறையாமை காண்க. ‘அனைவர்க்கும் மறுமொழி’ என்னும் பொத்தானின் பராக்கிரமமோ, 1997-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலேயே, ‘என்னை இப்பட்டியலினின்று நீக்குக’ என்று சிலர் எழுத, ‘என்னையும்’ என்று பலர் எழுத, ‘அனைவர்க்கும் எழுதாதீர்’ என்று வேறு பலர் அனைவர்க்கும் எழுத, அஞ்சற் பொறிகள் மூச்சுத் திணறிய சம்பவத்தால் விளங்கும்.

ஐந்தாவது மறைதல். ஏனை நான்கும் இதனைச் சார்ந்தே உயிர்வாழ்தலின் இதுவே தலையாயது.

மறைதலாவது, இடக்கைப் பெருவிரல் ஆல்ட் என்னும் விசையின் மீதும் நடுவிரல் டேப் என்னும் விசையின் மீதும் ஏககாலத்தில் படிய, திரையிலிருந்த கிரிக்கெட் ஸ்கோர் அகன்று கணக்குத்தாள் தோன்றுதல். இதன் தொன்மை சாமானியமானதன்று. 1990-ஆம் ஆண்டில் விண்டோஸ் 3.0 என்னும் தொகுப்போடு உலகெங்கும் பரவிய சொலிடேர் சீட்டாட்டத்தை, மைக்ரோசாஃப்டில் பயிலுநராக இருந்தபோது இயற்றிய வெஸ் செர்ரி என்பார், மேலதிகாரி வரின் சீட்டுகளை ஒளித்துப் பொய்க் கணக்குத்தாளொன்றைக் காட்டும் விசையினையும் அதில் அமைத்திருந்தார். நிறுவனம் அதனை நீக்கச் சொல்லிற்று. விசை நீங்கினும் தாள் நீங்கிற்றில்லை என்பதே எமது சித்தாந்தத்தின் அடிப்படை. அத்தாளை யாம் ‘மறைதாள்’ என்போம்.

மறைதாளின் பிரதிகள் எமது அலுவலகத்தில் மட்டும் ஏழு திரைகளிற் கிடைத்தன. எல்லாவற்றிற்கும் பெயர் ‘வரவுசெலவு இறுதி இறுதி 2’ என்பதே. முதற் பத்தியில் வரிசை எண். ஒன்பதாம் வரியில் இடம் வலமாக மஞ்சள் தீட்டல். அதன் கீழ் எவரும் கூட்டிப் பாராத எண்கள். அம்மஞ்சள் யாது குறித்ததென்பதில் உரைகாரர் வேறுபடுவர். ‘முக்கியம் என்பது குறித்தது’ என்பது ஜன்னலோர மரபு. ‘முடிந்தது என்பது குறித்தது’ என்பது கழிவறைப் பக்கத்து மரபு. ‘கை தவறியது’ என்பது, மூன்றாம் மாடிக் காப்பி இயந்திரத்தடியில் வாய்மொழியாக அருளப்பெற்று, துடைதாளொன்றில் வரையப்பட்டு, அத்தாள் அன்றே வடையின் எண்ணெயை ஒற்றப் பயன்பட்டமையாற் பிற்பகுதி சிதைந்துபோன ‘மஞ்சள்வரிப் பேருரை’யின் கொள்கை. அப்பேருரையைப் படியாமலே எழுந்த ‘பேருரை மறுப்பு’, மறுப்பைப் படியாமலே எழுந்த ‘மறுப்பின் மறுப்பு’, இவ்விரண்டிற்கும் அணிந்துரை மட்டும் வழங்கிய பெரியார் ஒருவரின் ‘சமரச விளக்கம்’ ஆகிய கிரந்தங்கள் மூலத்தாளினும் பருமனானவை என்பதொன்றே அறிஞர் அனைவரும் ஒருமனதாக ஒப்பிய செய்தி.

இவற்றினும் பெரும் பிரமாணமொன்றுண்டு. நான்காம் பத்தி, பதினேழாம் வரியில், ஏழு பிரதிகளிலும் எண்ணுக்குப் பதில் ‘ரெஃப்’ என்னும் பிழைக்குறியே நிற்கின்றது. சூத்திரம் சுட்டிய கட்டத்தை எவரோ அழித்துவிட, சுட்டப்படும் பொருள் இல்லையான பின்னும் சுட்டுதலை விடாத சூத்திரம் இடும் ஓலம் அது. மூலநூல் தொலைந்து தலைமுறைகள் கழிந்த பின்னும் அதன் பக்க எண்ணைத் தவறாது அடிக்குறிப்பிற் காட்டும் ஆராய்ச்சியாளர்க்கு இந்நிலை புதிதன்று. யாரேனும் அருகில் வரும்போது சட்டென எடுத்துக் காட்டப்படுவது என்னும் வகையில் அடிக்குறிப்பும் மறைதாளும் ஒருதாய்ப் பிள்ளைகளே. அது நிற்க. ஏட்டுப் பிரதிகள் பலவற்றில் ஒரே இடத்தில் ஒரே பிழை நேருமாயின் அவை ஒரே மூலத்தின் வழிவந்தன என்பது பதிப்பாசிரியர் துணிபாதலின், ஏழு திரைகளுக்கும் தாயான பிரதி ஒன்று எங்கோ இருந்தே தீரவேண்டும் என அனுமானித்தோம்.

அனுமானம் பிரத்தியட்சமான தினம் ஒரு வெள்ளிக்கிழமை. சொந்த ஊர்த் திருவிழாவுக்காக மூன்று நாள் விடுப்பு விண்ணப்பத்துடன் மேலாளர் அறைக்குட் கதவைத் தட்டாது நுழைந்தோம். அவரது இடக்கை அசைந்தது. பெருவிரலும் நடுவிரலும் தத்தம் ஸ்தானங்களில் இருந்தன. திரையில் எழுந்தது ‘வரவுசெலவு இறுதி இறுதி 2’. ஒன்பதாம் வரியில் மஞ்சள். எமது கண்கள் நான்காம் பத்திக்குச் சென்று பதினேழாம் வரியில் நின்றன. ஆங்குப் பிழைக்குறி இல்லை. 4,350 என்னும் எண் சுத்தமாக, தெளிவாக, பிதுரார்ஜிதமாக விளங்கிற்று.

மூலப்பிரதியின் பின்னே யாது இருந்தது என்பதை ஆராய்தல் எமது எல்லைக்குப் புறம்பானது. விண்ணப்பம், எவ்வூர், என்ன விசேஷம், ஏன் மூன்று நாள் என்னும் வினாக்கள் யாதொன்றுமின்றி, அக்கணமே கையொப்பம் பெற்றது.