பம்ப்செட் விளக்கு

என் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருபது சொச்சம் விளக்குகள் இருக்கின்றன. எனக்கு அர்த்தம் தெரிந்தவை இரண்டு: பெட்ரோல் தீரப்போகிறது, கதவு சாத்தவில்லை. மற்றவற்றில் நான் தலையிடுவதில்லை. மூன்றாவது கையாக வாங்கிய கார். அதற்கென்று ஒரு கடந்தகாலம் இருக்கும், நாம் ஏன் கிளற வேண்டும்?

போன மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், ராசிபுரத்து வெயில் தாங்கவில்லை என்று மாமியார் சொன்னதால் எல்லோருமாகக் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு. ஓட்டுகிறவனுக்கு மிச்சமிருக்கும் தண்டனைக் காலம்.

ஐந்து பேர், முழு ஏசி, இரண்டாவது கியர். 31-வது வளைவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அலையில் சாவி மிதப்பது போலப் படம்.

“ஏனுங்க, மழை வர்றாப்பல காட்டுதோ என்னமோ” என்றாள் மனைவி.

சூடு காட்டும் முள் என் காரில் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் மௌனம். எங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு பெரியம்மா உண்டு. பத்து வருஷம் வாயே திறக்க மாட்டார். திறந்தால் கல்யாணம் நின்றுபோகும்.

ஓரம் கட்டி பானட்டைத் திறந்தேன். ஆவி வந்தது. எனக்குக் கை நடுங்கியது; மாமனாருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. அவர் காலத்தில் மலை ஏறுவது என்றாலே பாதி வழியில் பானட்டைத் தூக்கிவைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, தண்ணீர் கேனோடு நிற்பதுதான். கட்டுச்சோற்றுக்கு நேரம் வேறு எப்படிக் கிடைக்கும்? “இப்பத்தான் மாப்பிள்ளை மலைக்கு வந்த மாதிரி இருக்குது” என்று தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய மினி லாரிக்காரர் பிரேக் போட்டுக் கத்தினார். “அய்யா, கை வெக்காதீங்க! மூஞ்சி வெந்துரும்!”

விசில் இல்லாத குக்கர்தான் ரேடியேட்டர். மூடி அழுத்திப் பிடித்திருக்கும் வரை உள்ளே நீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே மூச்சில் பொங்கி வெளியே பாயும். மாமனார் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, தனக்கும் இது முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

முக்கால் மணி நேரம் ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிய பிறகு லாரிக்காரர் கடைசி யோசனையைச் சொன்னார்: “ஏசி வேண்டாமுங்ணா. ஹீட்டரை முழுசா வெச்சுட்டு ஏறுங்க.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஹீட்டர் என்பது காருக்குள்ளே இருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை வாங்கி நம் முகத்தில் ஊதும். எஞ்சினுக்கு அந்த மட்டும் பாரம் குறையும். விஞ்ஞானம் சரி. அதை மாமியாருக்கு விளக்குவது எப்படி? மீதி 39 வளைவுகளும் மே மாதத்தில் ஹீட்டர் போட்டு ஏறிய ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். யாரும் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருந்த மகன் 45-லேயே நிறுத்திவிட்டான். மேலே போய், ஆகாய கங்கையில் குளிக்கலாமா, ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும் என்றேன். “கார்லயே குளிச்சாச்சு” என்றார் மாமியார், சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி.

மலை இறங்கியதும் ஒரு மெக்கானிக். நான் கூலண்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றி வந்ததில், ரேடியேட்டருக்குள் வெந்நீர் அண்டா மாதிரி உப்புப் படிந்திருந்தது. தெர்மோஸ்டாட் வால்வும் சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். “இதெல்லாம் குளிர் தேசத்துக்காரன் வெச்சதுங்க. நம்மூர்ச் சூட்டுக்கு எதுக்கு?” அந்த வெயிலில் நின்று கேட்டபோது எனக்குத் தேசப்பற்றே வந்துவிட்டது. வால்வு இல்லாமலே மூட்டிக் கொடுத்தார்.

சென்னை திரும்பும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டி, மஞ்சளாக இன்னொரு விளக்கு. படம் எடுத்து மாமனாருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“பம்ப்செட் படமுங்க மாப்பிள்ளை. விளக்கு எரிஞ்சா த்ரீ ஃபேஸ் கரண்டு வந்துருச்சுன்னு அர்த்தம். நல்லதுதான்.”

நல்லதில்லை. சென்னையில் மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். பி0128 என்று வந்தது. அதாவது, எஞ்சினுக்குச் சூடு போதவில்லை! வெளியே 40 டிகிரி. மலையில் கொதித்ததற்குப் புகார் சொன்ன அதே கார், இப்போது குளிருகிறது என்கிறது. வால்வு இல்லாததால் கூலண்ட் ஓயாமல் ரேடியேட்டருக்கு ஓடி, எஞ்சினை வேண்டிய சூட்டுக்கு வரவிடுவதில்லை. குளிர் என்று எண்ணி கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. மைலேஜ் ஏன் இறங்கியது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

புது வால்வு, புது கூலண்ட். பில்லைப் பார்த்ததும் என் முகத்திலும் ஏதோ ஒரு விளக்கு எரிந்திருக்க வேண்டும். மெக்கானிக் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒரு பாடம்: சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், விற்றவன் பல்பைப் பிடுங்கியிருக்கிறான் என்று சந்தேகப்படுங்கள்.

இதை மாமனாரிடம் சொன்னது என் தவறு. இப்போதெல்லாம் காரில் ஏறினால் முன்சீட்டில் அவர்தான். நான் சாவியைத் திருப்பியதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்க்கிறார்.

“கரண்டு வந்துருச்சு.”

எஞ்சின் உறுமுகிறது.

“போயிருச்சு. இனி எடுங்க மாப்பிள்ளை.”