அம்மோனியா வளர்ப்போர் கவனத்துக்கு

மீன் வளர்க்கப் பொறுமை வேண்டும். அம்மோனியா வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டியும் கொஞ்சம் அவசரமும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போங்கள். தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, மூடி மூடித் திறக்கும் புதையல் பெட்டி, பத்து கோல்டு ஃபிஷ் என்று எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றுங்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகி நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அவ்வளவு நாள் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க நாம் என்ன முனிவர்களா? மாலையே விருந்தாளிகள் வருகிறார்கள். மீன்களை இறக்கிவிடுங்கள். அவை அம்மோனியாவைச் செவுள் வழியாகவே வெளியேற்றும். மூச்சுவிட்டாலே நம் வேலை நடக்கும்.

அடுத்து தீனி. காலையில் தாத்தா ஒரு சிட்டிகை, பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு கை, "பாவம், வாயைத் தொறந்து தொறந்து கேக்குது" என்று பாட்டி இன்னொரு கை. ஒருவர் போட்டதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. மிஞ்சியது கூழாங்கல் இடுக்கில் அழுகி அம்மோனியாவாகும்.

டெஸ்ட் கிட் பக்கம் போகாதீர்கள். தண்ணீர்தான் பளிங்கு போல இருக்கிறதே! அம்மோனியாவுக்கு நிறமில்லை என்பது ஒரு குறையா? மீறி யாராவது வாங்கிக் கொடுத்து, அதன் சொட்டுகளை விட்டதும் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையானால், பசுமை நல்லதுதானே என்று வைத்துவிடுங்கள்.

கைதேர்ந்தவர்கள் பி.எச். அளவையும் கணக்கில் எடுப்பார்கள். தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் விஷமில்லை; பெரும்பகுதி அம்மோனியமாக மாறி அவ்வளவாகத் தொல்லை தராமல் கிடக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் விஷ வடிவம் சுமார் அரை சதவீதம்தான். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் உங்கள் வீட்டில் வந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கூடவே தொட்டியை ஜன்னல் வெயிலில் வையுங்கள். சூடு ஏறினாலும் அந்தப் பங்கு ஏறும்.

ஒரு நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், செவுள் சிவந்திருக்கும். இந்த நேரத்தில் சிலர் தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கோ பாதியோ தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை அதே சூட்டில் ஊற்றி, ஏர் பம்பை ஓடவிட்டு, மறுநாளும் அளந்து பார்ப்பார்கள். சுவாரசியம் இல்லாத மனிதர்கள். நீங்கள் தொட்டியையே கவிழ்த்துவிடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, சோப்பு போட்டு, வெள்ளை வெளேர் என்று துவையுங்கள். பாக்டீரியா குடியிருப்பதே அந்தப் பழுப்பு அழுக்கில்தான், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும் என்றெல்லாம் வாதாடுவார்கள். சுத்தம் சோறு போடும் என்று சொல்லி வாயை அடையுங்கள்.

கரண்டு பில்லை நினைத்து இரவில் மோட்டாரை நிறுத்துவதும் நல்ல பழக்கம். ஓட்டம் நின்றால் அந்தப் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் குறையும். இதையெல்லாம் மீறிச் சில பாக்டீரியா பிழைத்து அம்மோனியாவைக் குறைத்தாலும் சோர்ந்துவிடாதீர்கள், அடுத்தபடியாக நைட்ரைட் வரும். அது மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும்.

மீன் மிதந்தால் கலங்க வேண்டாம். வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று சொல்ல ஓர் அத்தை எப்படியும் இருப்பார். ஒரே வாரத்தில் பத்தும் போய்விட்டால் மட்டும் எண்ணிக்கையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ஜோசியர் கேட்பார்.