இரண்டே வாக்கியத்தில் ஆய்லர் அவுட்

பிரான்சின் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் ஃபெர்மா என்று ஒருவர். பிழைப்பு வழக்கு, பொழுதுபோக்கு கணக்கு. 1637 வாக்கில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கினார்: இரண்டு கனங்களைக் கூட்டினால் இன்னொரு கனம் வராது, நாலாம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, அதற்கு மேலும் இதே கதைதான், நிரூபணம் கைவசம் இருக்கிறது, எழுதத்தான் இடம் பத்தவில்லை. "ஏன் சாமி, வேறு தாளே கிடைக்கவில்லையா?" என்று கேட்க ஆளில்லை. அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். உலகம் முன்னூற்றைம்பது வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டது.

ஆய்லர் சும்மா இருந்திருக்கலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பார்வை மங்கிய வயதிலும் பக்கம் பக்கமாகக் கணக்குச் சொல்லி எழுதவைத்த மனிதர். அவருக்கு எங்கே கை நிற்கும்? இரண்டு கனம் போதாது, சரி. மூன்று போட்டால்? 27, 64, 125, கூட்டினால் 216. அதாவது 3, 4, 5 சேர்ந்து 6-ஐ இழுத்துவிட்டன. உடனே 1769-இல் தீர்ப்பு எழுதினார்: நாலாம் அடுக்குத் தேருக்குக் குறைந்தது நாலு பேர், ஐந்தாம் அடுக்குக்கு ஐந்து பேர் வடம் பிடிக்கணும். ஓர் ஆள் குறைந்தாலும் தேர் நகராது. நிரூபணமா? அதெல்லாம் இல்லை. சொன்னவர் ஆய்லர், போதாதா?

197 வருஷம் போதுமானதாகத்தான் இருந்தது. 1966-இல் லேண்டர், பார்க்கின் என்ற இருவர், அன்றைய சூப்பர் கணினியான சிடிசி 6600-இடம் வேலையை ஒப்படைத்தார்கள். அது மூளையைக் கசக்கவில்லை; தேடிப் பார்த்துத் துப்பியது:

27⁵ + 84⁵ + 110⁵ + 133⁵ = 144⁵

எண்ணிப் பாருங்கள், நாலே பேர். சந்தேகமா? ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினாலும் எந்த எண்ணுக்கும் கடைசி இலக்கம் மாறாது. 7, 4, 0, 3 கூட்டினால் 14, கடைசியில் 4. வலப்பக்கம் 144, அங்கும் 4. மீதியைப் பொறுமைசாலிகள் பெருக்கிப் பார்க்கலாம்: இரண்டு பக்கமும் 6191,73,64,224.

இதை அமெரிக்கக் கணித சங்கத்தின் இதழில் போட்டார்கள். கட்டுரை மொத்தமே இரண்டு வாக்கியம். பெரியவருக்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

1988-இல் நோம் எல்கீஸ் நாலாம் அடுக்குத் தேரை மூன்றே பேரை வைத்து இழுத்துக் காட்டினார். அதுவும் போச்சு.

ஆறாம் அடுக்கு? அங்கே ஐந்து பேர் கிடக்கட்டும், ஆய்லர் கேட்ட ஆறு பேரை நிறுத்தியும் தேர் இதுவரை நகரவில்லை. ஏழு பேர் பிடித்தால்தான் அசைகிறது. பெரியவர் அங்கே கொஞ்சம் கஞ்சத்தனமாகச் சொல்லிவிட்டாரோ என்னவோ!