எருக்கு விருந்தியல்

எருக்கை நாடி வரும் பூச்சியினம் நால்வகைத்து என்க. எருக்காவது தரிசிலும் சுடுகாட்டிலும் ரயில் பாதையோரத்திலும் யாரும் நடாமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஆண்டு முழுதும் பூப்பது. திணை வகுத்தோர் மூன்றாம் நிலத்தைச் சொல்லாதது குற்றமன்று. அன்று ரயில் இல்லை.

முதல் வகை, உண்டதற்கு உழைப்போர். இவ்வகையில் தலையாயது மரம் துளைக்கும் கருவண்டு. எருக்கு தன் மகரந்தத்தைத் தூளாகத் தூவாது. பொட்டலம் கட்டி வைத்திருக்கும். பூ நடுவே நிற்கும் கிரீடத்தை ஒட்டி ஐந்து பிளவுகள். தேனுக்கு வந்த வண்டின் கால் பிளவில் வழுக்கினால் கொக்கி ஒன்று பற்றிக்கொள்ளும். இழுத்தால் இரண்டு பைகள் காலோடு வரும். அவற்றில் ஒன்று அடுத்த பூவின் பிளவில் சரியாகச் செருகிக்கொண்டால்தான் காய் உண்டு. இதற்குத் தேவை அறிவன்று, தெம்பு. தெம்பில்லாத சிறு பூச்சி மாட்டிக்கொண்டு அங்கேயே சாவதும் இக்குடும்பத்துப் பூக்களில் வழக்கம்.

இரண்டாம் வகை, நஞ்சுண்போர். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அதையே சோறாக்கிக்கொண்டது வெந்தய வரியன். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இப்பட்டாம்பூச்சி இலையடியில் ஒற்றை முட்டையாக இடும். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு புழு வளரும். உண்ட நஞ்சைச் சிறகு முளைத்த பின்னும் உடம்பில் வைத்திருக்கும். தின்ற பறவை கக்கும். மறுமுறை அந்நிறம் கண்டால் விலகும். வண்ண வெட்டுக்கிளியும் இவ்வகையே. அதன் குஞ்சைச் சீண்டினால் நச்சுநீரை நம் மேல் பீய்ச்சும். மஞ்சள் அசுவினியும் இதில் அடங்கும். ஆண் துணையின்றியே அது குட்டி போட்டுப் பெருகுவதால் தனி இயல் வேண்டும், இங்கே விரிப்பின் பெருகும்.

மூன்றாம் வகை, உண்போரை உண்போர்: அசுவினியைத் தின்னும் பொறிவண்டு. அசுவினியின் இனிப்புநீருக்காக அதைக் காவல் காக்கும் எறும்பையும், வேறு இடமின்மையின், இங்கே வைத்தோம்.

நான்காம் வகை, வேடதாரிகள். வெந்தய வரியனை அச்சாக ஒத்து ஒரு பட்டாம்பூச்சி பறக்கும். அது வேறு இனத்துப் பெண். ஆணோ கறுப்பில் வெள்ளை வட்டம் போட்டுச் சொந்த முகத்தோடு திரியும். வேடதாரி புழுவாக இருந்தபோது தின்றது பருப்புக்கீரை. விஷத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எருக்குக்கு வராமலே எருக்கின் பெயரால் பிழைப்பதால் இதைச் சேர்ப்பது முறையோ எனின், முறையே. வராமலே பயன் பெறுவோரை விட்டுவிடும் பட்டியல் எதுவும் நிறைவுறாது.

மனிதர் ஐந்தாம் வகை ஆகாரோ எனின், ஆகார். சங்கப் பாட்டில் காதலுக்காகப் பனைமடல் ஏறியவன் எருக்கம்பூ சூடினான். விநாயகர் சதுர்த்திக்கு நாம் மாலை மாலையாகக் கோக்கிறோம். பிள்ளைகள் மொட்டை ‘டப்’பென்று உடைக்கிறார்கள். ஒருவராலும் ஒரு காய் பிடித்ததில்லை. ஆதலின் இவ்வியலில் நமக்கு இடமில்லை. பறிப்போர் பாலைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்க.