பங்காளி இல்லாத ஆள் வேண்டும்

கொல்லிமலையில் மிளகு, காப்பி, பலா, அன்னாசிக்கு அடுத்தபடியாக நன்றாக விளைவது ஆராய்ச்சி. விதைப்பதும் அறுப்பதும் கீழ்நாட்டுக்காரர்கள். நாங்கள் நிலம் மட்டும். சாமையையும் தினையையும் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலேயே வந்துவிட்டார்கள். அப்புறம் மூலிகைக்கு ஒரு கூட்டம், வல்வில் ஓரிக்கு ஒரு கூட்டம். எங்கள் தேவனூர் நாட்டில் கையில் அட்டையும் பேனாவுமாக யார் இறங்கினாலும், கேள்விக்குக் காத்திராமல், “நாலு பேருங்க, ரெண்டு மாடு, ஓட்டு வீடு” என்று ஒப்பிக்கிற பெரியவர்கள் உண்டு.

அவர்களையும் திணற வைத்தது ரத்தம் கேட்டு வந்த ஒரு பல்கலைக்கழகக் கூட்டம். மக்கள்தொகை மரபியல் ஆய்வகமாம். பேராசிரியர் வரவில்லை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு என்று கேள்விப்பட்டதும் அவருக்கு அவசரக் கூட்டம் ஒன்று வந்துவிட்டது. வந்தவர்கள் நான்கு பேர். தலைவர் ஒரு மூத்த ஆராய்ச்சி மாணவர். ஆய்வேடு முடிகிற வரை சவரம் செய்வதில்லை என்று வேண்டுதல் போல, தாடி நெஞ்சைத் தொட்டிருந்தது. அடுத்து, எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதி வைக்கும் ஒரு பெண். புதிதாகச் சேர்ந்த, எடுபிடி வேலையெல்லாம் தலையில் விழுந்த ஒரு தம்பி. நான்காமவர் ஆய்வக உதவியாளர். பட்டம் ஏதும் இல்லாத அவருக்கு மட்டும்தான் கையில் நரம்பு எங்கே இருக்கிறதென்று தெரியும்.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஐஸ் பெட்டி. பள்ளிக்கூடம் மொத்தமும் அதன் பின்னால் வந்தது. மூடியைத் திறந்து ஊதா மூடிக் குழாய்களைக் காட்டியபோது பிள்ளைகள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை எந்த அறிவியலும் ஈடுசெய்யாது.

கொஞ்சம் படித்தவன் என்பதால் என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். தாடிக்காரர் விதியைச் சொன்னார்: “மூணு தலைமுறைக்கு ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லாத ஐம்பது ஆம்பளைங்க வேணும் சார்.” நியாயமான விதிதான். அண்ணன் தம்பி இருவரிடமும் ரத்தம் எடுத்தால் ஒரே சரக்கை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் இன்னொருவனுக்குப் பங்காளி, இல்லாவிட்டால் மாமன் மச்சான். மூன்றாவது வகை கிடையாது. ஊர்ப் பெரியவர் விஷயத்தை நிதானமாகக் கேட்டுவிட்டு, “மூணு தலைமுறைக்கு ஒறவே இல்லாத ஆளுன்னா, இந்தத் திண்ணையில நீ ஒருத்தன்தான் கண்ணு” என்று அந்தத் தாடியைக் காட்டினார்.

“ஆம்பளை ரத்தம் மட்டும் போதும்னா எங்க ரத்தம் ஆகாதா?” என்று பெண்கள் பக்கமிருந்து கேள்வி வந்தது. எழுதி வைக்கும் பெண் அழகாக விளக்கினாள். ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. இந்தத் திட்டம் அதற்கு. அம்மா வழியைப் பார்க்க மைட்டோகாண்ட்ரியா என்று வேறு ஒன்று இருக்கிறது, அது இன்னொரு திட்டம், அதற்கு இன்னும் பணம் வரவில்லை. கேட்ட அம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. பெண்கள் பெயரில் வருகிற எந்தத் திட்டத்துக்குத்தான் சீக்கிரம் பணம் வந்திருக்கிறது?

அப்பன் வழி என்றதும் பெரியவருக்கு உற்சாகம். அப்படியானால் தேடுவது பங்காளிகளைத்தானே! இன்னின்ன குலத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு, பெரியண்ணன் சேர்வராயனுக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போன கதையையும் சொன்னார். தாடிக்காரர் எழுதவே மறந்து உட்கார்ந்திருந்தார். ஆய்வகத்தில் மாதக்கணக்கில் கருவி ஓட்டிப் பிரிக்க வேண்டியதை இந்தக் கிழவர் வெற்றிலை மடித்துக்கொண்டே பிரிக்கிறார். ஆனாலும் தாடிக்காரர் ஊசியை உள்ளே வைக்கவில்லை. கதையை மட்டும் நம்பினால் பட்டம் தமிழ்த்துறையில்தான் கிடைக்குமாம்.

ராத்திரிப் பேச்சில் ஆராய்ச்சிக்காரர்களுடைய முன்னோர் வந்தார்கள். மரபணு முன்னோர் அல்லர், துறை முன்னோர். 1950களில் கவாலி ஸ்போர்ஸா என்ற இத்தாலியர் பார்மா பள்ளத்தாக்கில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்களிடம் தேவாலயத்துக்குள்ளேயே ரத்தம் வாங்கினாராம். பிரசாதம் தருகிற இடத்தில் ஊசி. சமவெளி ஊர்களைவிட மேலே மலையிலிருந்த சின்னச் சின்ன ஊர்களில்தான் ரத்த வகைகளின் விகிதம் ஊருக்கு ஊர் ஏறுமாறாக இருந்ததைக் கண்டார். ஆள் குறைந்த இடத்தில் தற்செயலே மரபணுவை ஆட்டிவைக்கும் என்பதற்கு அது சாட்சி. அவரே பின்னாளில் மத்திய ஆப்பிரிக்கா போனபோது ஒரு விவசாயி கோடரியோடு வந்து, பிள்ளைகள் ரத்தத்தை எடுத்தால் உன் ரத்தத்தை நான் எடுப்பேன் என்று மிரட்டினாராம். இதைக் கேட்டதும் எங்கள் ஊரார் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். நாம் காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டோமே என்று.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் பெயரை அவர்கள் குலதெய்வம் போலச் சொன்னார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளத்தைக் கண்டவர். ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டு, கரையோரமாக நடந்து, ஆஸ்திரேலியா வரை போன பழைய கூட்டத்தின் தடம் அது. மனிதர் நடந்த தடத்தை மரபணுவில் தேட 2005-இல் தொடங்கிய ஜெனோகிராஃபிக் திட்டத்துக்கு இந்திய மையமாக இருந்ததே மதுரைதான். 2012-இல் 1,680 தமிழ்நாட்டு ஆண்களின் ஒய் குரோமோசோமை வைத்து அந்தக் குழு எழுதியது, இங்கே கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருப்பது சாதி அமைப்புக்கும் முந்தியது, பிழைப்பு முறையோடு சேர்ந்து வருவது என்று. “ஆயிரத்து அறுநூறு!” என்று தாடிக்காரர் விட்ட பெருமூச்சில் தன் ஐம்பதைப் பற்றிய கவலை தெரிந்தது.

ரத்தம் கொடுத்தவர்கள் கேட்டதோ ஒன்றே ஒன்று: “சர்க்கரை இருக்குதான்னு சொல்லிருவீங்கல்ல?” ஐம்பதாயிரம் வருஷத்துக் கதை சொல்வோம், சர்க்கரை மட்டும் சொல்ல மாட்டோம் என்பதை அவர்களுக்குப் புரிய வைக்கத்தான் எனக்கு நாக்கு வறண்டது.

கடைசி நாள் மாலை இன்னொரு விதி வெளியே வந்தது. ஆய்வகத்து ஆண்களும் தங்கள் மாதிரியைக் கொடுக்க வேண்டும். குழாயைத் தொடுகிறவனின் தோல் துணுக்கோ எச்சிலோ விழுந்து, கொல்லிமலைக்காரர் பெயரில் தாடிக்காரரின் தாத்தா வந்து நின்றுவிடக் கூடாதல்லவா. அந்தப் பெண்ணுக்கு மட்டும் விலக்கு. இல்லாத ஒய்யை எப்படிச் சிந்த முடியும்? அவள் கால் நீட்டி உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டு, எங்களைக் கேட்ட அதே கேள்விகளைத் தன் சகாக்களிடம் கேட்டாள். தாத்தாவின் ஊர்? தாத்தாவின் அப்பா பெயர்? குலம்?

தாடிக்காரருக்கு முதல் கேள்வியே தெரியவில்லை. உதவியாளர் மட்டும் கடகடவென்று சொல்லிவிட்டார். புதுத் தம்பிக்கும் ஒன்றும் தெரியாமல், சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை மேல் ஏறி அம்மாவைக் கூப்பிட்டான். சிக்னல் அரைகுறை என்பதால் ஸ்பீக்கரில் கத்த வேண்டியிருந்தது; ஊரே கீழே நின்று கேட்டது.

“அம்மா, தாத்தாவோட சொந்த ஊரு எது? நம்ம குலதெய்வம் எது? நம்மளுக்குப் பங்காளிங்க யாரு, நாம எங்கெங்க பொண்ணு எடுப்போம்?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தெளிவாக வந்தது:

“பொண்ணு யாருடா? கூடப் படிக்கிறவளா?”

பெரியவர் திரும்பி, பலாச்சுளையும் கையுமாக இருந்த பெண்ணைப் பார்த்தார். “நீங்க என்ன குலங்கம்மா?” என்று கேட்டார்.