வடசேரி பப்ஜி, தென்சேரி ஃப்ரீ ஃபயர்: மட்டக்களப்பு வாவிக்கரையில் கருத்துப் பிறக்கும் விதம் குறித்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். அதன் கரைத் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு பின்னேரத்தில் உதிரும் கருத்துகளைக் கோத்துப் பிடித்தால் அதையும் தாண்டும் என்பதே இவ்வாய்வின் எடுகோள். அளந்து பார்க்கவில்லை. நூல் போதாது.

ஆய்வுக்களம் கல்லடிப் பழைய பாலத்தடி. ஆய்வுக்காலம் மூன்று பின்னேரங்கள். நடுவில் ஒன்றை மழை கொண்டுபோனது. தரவாளர்கள் நான்கு பொடியன்மார். முறையியல், பக்கத்தில் பராக்குப் பார்ப்பதுபோல் இருந்து காதைக் கொடுப்பது. முதல் தரவு, போனில் ஆடும் இரண்டு சுடும் கேம்களைப் பற்றியது:

“ஃப்ரீ ஃபயர் எல்லாம் ஒரு கேமாடா? காட்டூன்!”

“உன்ட பப்ஜி லோட் ஆகிறதுக்குள்ள நான் ரெண்டு மெட்ச் முடிச்சிருவன், மச்சான்.”

இரண்டாமவர் சொன்னது மிகைதான், ஆனால் அடியோடு பொய்யில்லை. பப்ஜியில் நூறு பேர் இறங்கி அரை மணித்தியாலம் அலைவார்கள். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இந்தியா 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தது; 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் அதே கதி. “கூடாத கேம் எண்டதாலதான் தடை” என்று இரு தரப்பும் மற்றதைப் பார்த்துச் சொல்கின்றன. இரண்டு தடையும் சீனத் தொடர்பு என்ற அரசியல் சந்தேகத்தில் வந்தவை என்று ஆய்வாளர் குறுக்கிட்டார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இந்தப் பிளவு புதியது என்று நினைப்பவர் இந்த ஊரை அறியாதவர். கூத்தென்றால் வடமோடி, தென்மோடி. நிலமென்றால் எழுவான்கரை, படுவான்கரை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கொம்புமுறி இருக்கிறது. மழை பொய்த்தாலோ நோய் பரவினாலோ கண்ணகி அம்மனைக் குளிர்விக்க ஊர் இரண்டாகும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். முறிந்த பக்கத்துக்கு வசைப்பாட்டுக் கிடைக்கும். இன்றைய பொடியன் தோற்றவனுக்கு அனுப்பும் சிரிப்புப் படங்களில் அந்த யாப்பு இல்லை, நோக்கம் அப்படியே இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கொம்புமுறியில் எவரும் யோசித்துக் கட்சி சேர்வதில்லை. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. கேம் கட்சி எப்படி வருகிறது? இவ்வினாவுக்காக ஆய்வாளர் நான்கு பிளேன்ரீயும் எட்டு வடையும் செலவிட்டார். விடை போனின் முதுகில் இருந்தது. பப்ஜிக்காரர் இருவரின் போனும் கட்டாரிலிருந்து தாய்மாமன் கொண்டுவந்தவை. ஃப்ரீ ஃபயர்க்காரர் இருவரிடமும் அக்கா பாவித்துக் கழித்த, நினைவகம் (ரெம்) குறைந்த போன்கள்; பப்ஜியைப் போட்டால் அடுப்புக்கல்லாகச் சூடேறுமாம். ஆக, கொம்புக் கட்சி தந்தைவழி. கேம் கட்சி தாய்வழி. குடிமரபைத் தாய்வழியில் எண்ணிவந்த இந்த மண்ணில் இதில் வியக்க ஒன்றுமில்லை. ரசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ரெம் என்பதே ஆய்வாளரின் துணிபு.

விளையாடாமலே கருத்துச் சொல்லும் மூன்றாம் மரபும் உண்டு. அதன் தலைமைப் பேராசிரியை ஆய்வாளரின் பெரியம்மா. “அந்தக் கண்றாவிய வெச்சிட்டுச் சோத்தத் தின்னு மனே” என்பது அவர் கோட்பாட்டின் சாரம். இரவில் நாடகம் ஓடும்போது மட்டும் அவரிடம் சோறு கேட்கக்கூடாது. இம்மரபை லேசாக எண்ண வேண்டாம்; வாவியில் பாடுவது எது என்ற பழைய வாதத்திலும் அது உண்டு. இலங்கையின் அன்றைய குடியேற்றச் செயலாளர் எமேர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்து, இரவில் தோணியேறி வாவியின் பாட்டைக் கேட்டார். பாடுவது ஊரி என்னும் நத்தை என்றார்கள் மீனவர். ஊருக்கோ அது இன்றுவரை மீன்பாடும் தேன்நாடு. மீனா ஊரியா என்று கடையில் மேசையில் அடித்து வாதாடுவோரில் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, ஆய்வாளருக்கு இரண்டாவது தேத்தண்ணி மறுக்கப்பட்டது.

துணிபு மூன்றாம் நாள் தானாகவே பரிசோதனைக்கு வந்தது. பாலக் கம்பியில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்த பப்ஜித் தலைவரின் கை வழுக்க, கட்டார் போன் வாவிக்குள் போனது. ஒரு கிழமை கழித்து அம்மாவின் பழைய போனோடு வந்தார்.

“மறுகா என்ன மச்சான், பப்ஜியா?”

“சீ, அது இழுவை. அரை மணித்தியாலம் ஆருக்கிட்ட இருக்கு? ஃப்ரீ ஃபயர்தான் கேம். நான் முதலே சொன்னனான்தானே.”

அவர் முதலே சொன்னதாக ஆய்வாளரின் குறிப்பேட்டில் இல்லை. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். போன் இன்னும் அடியில் கிடக்கிறது. பௌர்ணமிக்குத் தோணி எடுத்து, துடுப்பில் காது வைத்து, பாடுவது மீனா ஊரியா பப்ஜியா என்று அறியும் இரண்டாம் கட்டம், தோணிக்காரர் பழைய பாக்கியை மன்னித்ததும் தொடங்கும்.